எத்தனை நொடி நின்றது?

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு கணினி. அதோடு யூஎஸ்பி கேபிளில் இணைத்த ஒரு ஹார்டு டிஸ்க். இரண்டும் சேர்ந்தால் வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர் தயார். குடும்பப் புகைப்படங்கள், பாட்டுகள், பள்ளி புராஜெக்ட்கள் எல்லாம் அதில் இருக்கும். அப்பாவின் லேப்டாப், அக்காவின் போன், கூடத்து டிவி என எதிலிருந்தும் அவற்றைத் திறக்கலாம். 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட சர்வர்களைப் பல நாடுகளில் பள்ளி மாணவர்களே கட்டத் தொடங்கிவிட்டார்கள். நீங்களும் கட்டியிருக்கலாம், அல்லது கட்ட ஆசைப்படலாம்.

இந்தச் சர்வர்களுக்கு ஒரு தொல்லை வருவதுண்டு. ஏற்கெனவே திறந்திருக்கும் பாட்டு ஒழுங்காகப் பாடிக்கொண்டிருக்கும். ஆனால் லேப்டாப்பில் 'நெட்வொர்க்' என்ற படத்தைத் தொட்டு, அங்கே எந்தெந்தக் கணினிகள் இருக்கின்றன, எந்தெந்த ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று உலாவப் போனால் எல்லாம் நின்றுவிடும். அம்புக்குறி அசையும், ஜன்னல் மட்டும் அசையாது. "ஹேங் ஆயிடுச்சு" என்கிறோம். உடனே கை ஸ்விட்சைத் தேடிப் போகிறது.

அணைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

அணைக்க வேண்டாம் என்பதற்கு முதல் காரணம், டிஸ்க் அப்போது எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் எழுத்து பாதியில் அறுந்து கோப்பு கெட்டுப்போகலாம். இரண்டாவது காரணம்தான் இந்தக் கட்டுரையே. ஹேங் ஆன கணினி பெரும்பாலும் செத்துப்போயிருக்காது. அது காத்திருக்கும். யாரிடமோ எதையோ கேட்டுவிட்டுப் பதில் வருமா என்று நின்றுகொண்டிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அந்தப் புரோகிராமை எழுதியவர் ஓர் எண்ணாக உள்ளே எழுதி வைத்திருப்பார். அதனால் ஹேங் எத்தனை நொடி நீடித்தது என்று அளந்தால், யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று ஊகிக்க முடியும். ஸ்விட்சை அணைத்தால் அந்த எண் தொலைந்துபோகும்.

ஒரு நோட்டை எடுங்கள். தேதி, நேரம், என்ன செய்தபோது நின்றது, எத்தனை நொடி கழித்து உயிர் வந்தது, அல்லது வரவே இல்லையா என்பதை எழுதுங்கள். நாலைந்து முறை எழுதியதும் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

அடுத்து, நின்றது எது என்று பார்க்க வேண்டும். லேப்டாப் நின்றதா, நடுவில் இருக்கும் கேபிளும் ரூட்டரும் நின்றனவா, சர்வரே நின்றதா? இதைப் பிரித்துக் காட்ட ஒரு சின்னப் புரோகிராம் இருக்கிறது. பெயர் பிங். அமெரிக்க ராணுவத்தின் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் அதை எழுதினார். அங்கே நெட்வொர்க் புரியாத விதத்தில் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கின்றன அல்லவா? அதே எண்ணத்தை மூஸ் கணினிக்குக் கொண்டுவந்தார். ஒரு சிறு தகவலை அனுப்புவது, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்ப்பது, அவ்வளவுதான் வேலை. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் உலகில் எங்கே நெட்வொர்க் கெட்டாலும் முதலில் ஓடவிடும் புரோகிராம் அதுதான். இவ்வளவு சின்னதாகவும் இவ்வளவு பயனுள்ளதாகவும் ஒன்றை எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஹேங் ஆன அந்த நேரத்தில் வேறொரு கணினியிலிருந்து சர்வரைப் பிங் செய்யுங்கள். வீட்டுக்குள் கேபிள் வழியாக என்றால் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் பதில் வந்துவிடும். பதிலே இல்லை என்றால் கேபிள், ரூட்டர், மின்சாரம் என்ற பக்கம் தேட வேண்டும். பதில் வருகிறது, ஆனால் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால்? இங்கே பலர் குழம்புகிறார்கள். 'பிங் வருதே, அப்போ சர்வர் நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். பிங்குக்குப் பதில் சொல்வது, சர்வரில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் என்ற உள்மையம். அதற்கு ஹார்டு டிஸ்க்கைத் தொட வேண்டிய தேவையே இல்லை. டிஸ்க் முழுவதுமாகச் சிக்கிக்கொண்டு கிடந்தாலும் பிங்குக்குப் பதில் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே 'பிங் வருகிறது, ஃபோல்டர் வரவில்லை' என்றால், பாதை நன்றாக இருக்கிறது என்று பொருள். சிக்கல் டிஸ்க்கிலோ, கோப்புகளைப் பரிமாறும் புரோகிராமிலோ, பெயரைத் தேடுவதிலோ இருக்கிறது.

பெயரைத் தேடுவதை முதலில் பார்த்துவிடலாம், அதைச் சோதிப்பது சுலபம். 'நெட்வொர்க்' ஜன்னலில் தெரியும் பெயரைத் தொடாமல், சர்வரின் ஐபி எண்ணை முகவரிப் பட்டியில் நேராக அடியுங்கள். 192.168.1.20 என்பது போல ஒரு எண் உங்கள் ரூட்டரின் பட்டியலில் இருக்கும். எண்ணை அடித்தால் உடனே திறக்கிறது, பெயரைத் தொட்டால் நிற்கிறது என்றால் டிஸ்க்குக்கும் இந்தத் தொல்லைக்கும் தொடர்பில்லை. பெயர்ப் பட்டியல்தான் குழம்பியிருக்கிறது.

இந்தப் பெயர்ப் பட்டியலுக்குச் சுவையான வரலாறு உண்டு. கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி என்ற முறையை ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் 1983 வாக்கில் உருவாக்கினார். பின்னால் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. அந்தப் பழைய முறையில் பட்டியலை வைத்திருக்கத் தனியாக ஆள் கிடையாது. வீட்டில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வகுப்பில் லீடரைத் தேர்ந்தெடுத்து வருகைப் பதிவேட்டை அவரிடம் கொடுப்பது போலத்தான். மற்றக் கணினிகள் 12 நிமிடத்துக்கு ஒரு முறை 'உள்ளேன்' என்று குரல் கொடுக்கும். யாராவது மூன்று முறை தொடர்ந்து குரல் கொடுக்காவிட்டால் லீடர் அவர் பெயரை அடிப்பார். மூன்று பன்னிரண்டு 36 நிமிடம். லீடருக்கு உதவியாளர்களும் உண்டு. அவர்கள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவேட்டைப் பார்த்து நகல் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் உதவியாளரின் நகலைப் பார்த்தால், அணைத்துவிட்ட கணினியின் பெயர் 51 நிமிடம் வரைகூட அதில் இருக்கலாம்! பெயர் தெரிகிறதே என்று தொடுகிறீர்கள். அங்கே ஆளே இல்லை. லேப்டாப் காத்து நிற்கிறது.

இன்னொரு வம்பும் உண்டு. 'நானே லீடராக வேண்டும்' என்று இரண்டு கணினிகளில் அமைத்து வைத்துவிட்டால் தேர்தல் ஓயாது. ஒன்று பட்டியலைக் கட்டி முடிப்பதற்குள் இன்னொன்று புதிய தேர்தலைக் கூட்டும். வீட்டில் ஒரு கணினிக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுத்தால் இந்தச் சண்டை தீர்ந்துவிடும்.

லினக்ஸ் கணினிக்கு எஸ்எம்பி பேசக் கற்றுக்கொடுத்தவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். இந்த முறையைப் பற்றிய கையேடு எதுவும் அவரிடம் இல்லை. இரண்டு கணினிகள் கேபிளில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்கும் புரோகிராம் ஒன்றை எழுதினார். இந்தக் கேள்விக்கு இந்தப் பதில், அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்று கவனித்துக் கவனித்தே அந்த மொழியைக் கற்றார். 1992 ஜனவரியில் தான் எழுதியதை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதுதான் இன்று சாம்பா என்ற பெயரில் ராஸ்பெர்ரி பையிலும், கடைகளில் விற்கும் பல ஃபைல் சர்வர்களிலும் ஓடுகிறது. கேபிளில் ஓடுவதை ஒட்டுக்கேட்க இன்று உங்களுக்கும் வயர்ஷார்க் என்ற இலவசப் புரோகிராம் கிடைக்கிறது. உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் மட்டும், பெரியவர்கள் அனுமதியோடு ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு கணினி கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதும், பதில் வராததும் வரிவரியாகத் தெரியும்.

பழைய எஸ்எம்பியால் ஓர் ஆபத்தும் வந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீய புரோகிராம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. அது நுழைந்த ஓட்டை எஸ்எம்பியின் மிகப் பழைய முதல் பதிப்பில் இருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் அந்த முதல் பதிப்பை இயல்பாகச் சேர்ப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. நல்ல முடிவு. ஆனால் அதோடு லீடரும் பதிவேடும் போய்விட்டன. இப்போது விண்டோஸ் வேறொரு முறையில், 239.255.255.250 என்ற பொது எண்ணுக்கு 'யார் யார் இருக்கிறீர்கள்?' என்று கேட்கிறது. லினக்ஸ் சர்வரில் அதற்குப் பதில் சொல்ல டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு புரோகிராமைப் பலர் நிறுவிக்கொள்கிறார்கள். அது இல்லையென்றால் சர்வர் நன்றாக ஓடினாலும் பட்டியலில் பெயர் வராது. பட்டியல் வர வேண்டும் என்பதற்காகப் பழைய முதல் பதிப்பை மறுபடி இயக்கச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். ஒரு பெயர் தெரிவதற்காக அந்த ஓட்டையை மறுபடி திறந்துவிடக் கூடாது.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். பதிலே சொல்லாத எண்ணை, 2023க்கு முந்தைய லினக்ஸ் ஓடும் ஒரு கணினி கூப்பிட்டால் என்ன நடக்கும்? முதல் முறை கூப்பிட்டு 1 நொடி பொறுக்கும். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டு 2 நொடி. அடுத்து 4, 8, 16, 32, கடைசியாக 64 நொடி. கூட்டிப் பாருங்கள்: 127. பழைய விண்டோஸ் கணினிகள் 3, 6, 12 என்று பொறுத்து 21 நொடியில் கைவிடும். உங்கள் நோட்டில் 21 என்றோ 127 என்றோ திரும்பத் திரும்ப வந்தால், பதில் சொல்லாத ஒருவரை உங்கள் கணினி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

ஏன் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்க வேண்டும்? 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ஒரு சம்பவம் நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சுமார் 400 கஜ தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்த இணைப்பு திடீரென்று நொடிக்கு 40 பிட்டாகச் சுருங்கியது. பாதை நெரிசலாக இருந்தபோது பதில் வராத கணினிகள் எல்லாம் உடனே உடனே மறுபடி அனுப்பின. அதனால் நெரிசல் இன்னும் கூடியது. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் இதைத் துருவிப் பார்த்து 1988இல் வழிகளை எழுதினார். பதில் வராவிட்டால் இன்னும் அதிகம் பொறுத்திருந்து கேள் என்பது அவற்றில் ஒன்று. உங்கள் திரை இரண்டு நிமிடம் நிற்பது எரிச்சலாக இருக்கலாம். ஆனால் இணையம் முழுவதும் மூச்சுத் திணறாமல் இருப்பதற்கு அந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

நோட்டில் 5, 8, 10 நொடி என்று வந்தால்? பெரும்பாலும் டிஸ்க் தூங்கியிருக்கும். ஹார்டு டிஸ்க்குக்குள் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேட்காவிட்டால் மோட்டார் நின்றுவிடும். அடுத்து நீங்கள் ஃபோல்டரைத் தொட்டதும் தகடுகள் மறுபடி முழு வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். டிஸ்க்கின் மேல் விரல் நுனியை மெதுவாக வைத்தால் அதிர்வு தொடங்குவது தெரியும். இரண்டாவது முறை உடனே திறந்துவிடும், அரை மணி கழித்துத் தொட்டால் மறுபடி நிற்கும். இது பழுதே இல்லை. தூங்கும் நேரத்தை மாற்றினால் போதும்.

படங்கள் நிறைந்த ஃபோல்டரில் மட்டும் நின்றால் கதை வேறு. ஃபோல்டரைத் திறந்ததும் லேப்டாப் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்னப் படம் காட்ட முயல்கிறது. பல புகைப்படங்களுக்குள் கேமராவே சின்னப் படத்தையும் வைத்திருக்கும். இல்லாதவற்றை முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஒரு படம் 4 எம்பி, அப்படி 4,000 படங்கள் என்றால் 16,000 எம்பி. ஜிகாபிட் கேபிளில் நொடிக்குச் சுமார் 110 எம்பி வரை போகும், இரண்டரை நிமிடம் ஆகும். அதே கேபிளுக்குள் இருக்கும் 8 கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தால்? ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நூறு மெகாபிட்டுக்கு நான்கே போதும். அதனால் பல கருவிகள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். நொடிக்கு 11 எம்பிதான், இருபத்து நான்கு நிமிடம்! சர்வர் ஹேங் ஆனது போலத்தான் தெரியும். ஃபோல்டரைப் படமாகக் காட்டாமல் வெறும் பெயர்ப் பட்டியலாகக் காட்டும்படி மாற்றுங்கள். உடனே திறந்தால் காரணம் தெரிந்துவிட்டது. கேபிளையும் ஒரு முறை மாற்றிப் பாருங்கள்.

30 நொடி என்ற எண் வந்தால் கவலைப்பட வேண்டும். டிஸ்க்கிடம் ஒரு துண்டைக் கேட்டுவிட்டு லினக்ஸ் வழக்கமாக 30 நொடி பொறுக்கும். பிறகு இணைப்பையே அறுத்து மறுபடி தொடங்கும். தகட்டில் ஓரிடம் கெட்டுப்போனால் டிஸ்க் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுகொண்டே இருக்கும். ஃபைல் சர்வருக்கென்றே செய்யும் டிஸ்க்குகள் சுமார் 7 நொடியில் 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். சாதாரண டிஸ்க்குகள் விடாமல் போராடும், அதுவரை சர்வரும் நிற்கும். சர்வரின் பதிவுக் கோப்பில் ஒரு வேலை 120 நொடிக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது என்ற வரியும் இருந்தால், வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். புகைப்படங்கள் திரும்ப வராது.

கடைசியாக, உயிரே திரும்பாத ஹேங். பிங்குக்கும் பதில் இல்லை, அணைத்துப் போட்டால்தான் எழுந்திருக்கிறது. ராஸ்பெர்ரி பை சர்வர்களில் இதற்குப் பெரும்பாலும் காரணம் மின்சாரம். இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். இந்தக் கணினிக்கு 5 வோல்ட் வேண்டும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை கொடுக்கும். திரையில் மின்னல் குறி வரும், ஆனால் சர்வருக்குத் திரை ஏது? யாரும் பார்ப்பதில்லை. போன் சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் மாட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கேபிளின் மின்தடை 0.2 ஓம். கணினி சும்மா இருக்கும்போது இழுப்பது 1 ஆம்பியர் என்றால், ஓமின் விதிப்படி வழியில் இழப்பது 0.2 வோல்ட். 4.8 வோல்ட் போய்ச் சேர்கிறது, பரவாயில்லை. நீங்கள் ஃபோல்டரைத் தொட்டதும் தூங்கிய டிஸ்க் எழுகிறது. சிறிய டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடியில் ஏறக்குறைய இன்னும் 1 ஆம்பியர் கேட்கும். இப்போது மொத்தம் 2 ஆம்பியர், இழப்பு 0.4 வோல்ட், போய்ச் சேர்வது 4.6. எல்லைக்குக் கீழே! உலாவும்போது மட்டும் ஏன் நிற்கிறது என்ற புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. ராஸ்பெர்ரி பை 4க்கான அதிகாரபூர்வ அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருப்பதும் இந்த வழி இழப்பை ஈடுகட்டத்தான். டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் கொடுக்கும் யூஎஸ்பி ஹப் இருந்தால் இன்னும் நல்லது. அடாப்டரைத் திறந்து பார்க்க மட்டும் கூடாது, அதற்குள் 230 வோல்ட் இருக்கிறது.

ஒரே நாளில் அடாப்டர், கேபிள், அமைப்பு எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, நோட்டில் எழுதி, இரண்டு மூன்று நாள் வழக்கம்போல உலாவிப் பாருங்கள். புதிய அடாப்டர் மாட்டியதும் ஹேங் வரவில்லை என்றால், கோப்புகளின் நகல் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கும் நிலையில், சர்வரை முறைப்படி அணைத்துவிட்டுப் பழைய அடாப்டரை மறுபடி மாட்டுங்கள். டிஸ்க்கைத் தூங்கவிட்டு ஃபோல்டரைத் தொடுங்கள். மறுபடி நின்றால் குற்றவாளி அடாப்டர்தான். நிற்கவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது, நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.